ஏமாறாமல் போன ஜாப்பார்

எங்கள் கோக்-பெல் மேய்ச்சல் நில அலுவலகத்துக்கு விழிப்புணர்வு வந்த கதையைச் சொல்வதற்கு முன், எங்கள் இயக்குநருக்கு அறிஞர் பட்டம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

இயக்குநர் பெயர் தோலோன்பாய் ஷர்ஷெனோவிச். எந்த மந்தை எந்தச் சரிவில் எந்த மாதம் மேயலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆடுகள் அந்தக் கையெழுத்தைப் பார்க்காமலே மேய்ந்துகொண்டிருந்தன என்பது வேறு விஷயம். மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம், பதக்கம். கோட்டின் இடப்பக்கம் முழுக்கக் குத்தி முடித்து, இடம் போதாமல் வலப்பக்கத்துக்கு வந்திருந்தார். பனி உருகிய சமயம் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உலக நாடோடி அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம். பதிவுக் கட்டணம் வந்து சேர்ந்தவுடன் பட்டு அங்கியும் தங்கப் பதக்கமும் புறப்படுமாம். குளிர்காலத்துக்கு வைக்கோல் வாங்க வைத்திருந்த அலுவலகப் பணம் அன்று மதியமே புறப்பட்டது. அங்கி புறப்படவில்லை.

விசாரணை நடந்தது. இயக்குநரே தலைமை தாங்கினார். பொறுப்பில்லாத ஊழியர் ஒருவர் முன்பின் தெரியாத மின்னஞ்சலைத் திறந்துவிட்டார் என்று முடிவானது. அந்த ஊழியர் யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் ஏமாறக்கூடாது" என்றார். "ஏமாந்தவங்களுக்குத் தண்டனை உண்டு. அது யாரா இருந்தாலும் சரி. டைரக்டரா இருந்தாலும் சரி. எனக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டோம். நான் இங்கே வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிறவன், பெயர் முர்சா. அவர் சொல்கிற எதையும் எழுதிக்கொள்வது என் வழக்கம், ஏனென்றால் மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது.

ஒரு வாரத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து தாலாய் வந்து இறங்கினான். விழிப்பு மையத்தின் பயிற்சியாளன். கூர்மூக்குச் செருப்பு, ஒட்டிப்பிடித்த கோட்டு, எதிரில் இருப்பவரின் நெற்றியைப் பார்த்துப் பேசும் பழக்கம். எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து, பலகையில் மோசடிக் கடிதத்தின் ஐந்து அறிகுறிகளை எழுதினான். அவசரப்படுத்தும். சந்தோஷப்படுத்தும், அல்லது அழவைக்கும். பழகினவர் போலப் பேசும். உடனே பதில் கேட்கும். ஏதாவது கொடுக்கச் சொல்லும்.

எங்கள் ஓட்டுநர் சாப்பார்பெக் கை தூக்கினார். "தம்பி, குடுக்கச் சொல்றதுன்னா, சுயுஞ்சு கேக்கிறதும் அதுல சேருமா?"

"அதுதாண்ணே முதல்ல சேரும்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. எங்கள் பக்கம் நல்ல செய்தி சும்மா உள்ளே வராது. கொண்டுவருகிறவர் வாசலில் நின்று "சுயுஞ்சு" என்பார். நாம் கையில் அகப்பட்டதை, ஒரு மிட்டாயோ தலையிலிருக்கும் தொப்பியோ, கொடுப்போம். அதற்கப்புறம்தான் குழந்தை பிறந்ததா, பையன் தேறினானா என்று அவர் வாய் திறப்பார். சுயுஞ்சு கேட்காமல் ஒருவர் நல்ல செய்தி சொன்னால் எங்களுக்கு அவர்மேல்தான் சந்தேகம் வரும்.

"எனக்குப் பேரன் பொறந்தப்போ என் மச்சினி வந்து சுயுஞ்சு கேட்டாளே" என்றார் சாப்பார்பெக்.

"பேரனை நேர்ல பாத்தீங்களா?"

"மூணு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தோள்ல ஏறி உட்கார்ந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கிறான்."

"அப்போ பரவாயில்லை. ஆனா உங்க மச்சினி கேட்ட முறை தப்பு. செய்திக்கு முன்னால கையை நீட்டினா அவன் மோசடிக்காரன். அது மச்சினியா இருந்தாலும் சரி."

சாப்பார்பெக் மச்சினியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து உறுதிமொழி. கணினி மவுஸ்மேல் வலக்கையை வைத்து, "அறியாததைத் திறவேன், ஆனந்தத்தை நம்பேன்" என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் உருப்படியாக வேலை செய்த மவுஸ் ஒன்றுதான். அதனால் காவலாளி முதல் கணக்கர் வரை வரிசையில் நின்றோம். இயக்குநர் கடைசியாக வந்து, படம் எடுக்கிறவர் தயாராகும்வரை கையை எடுக்காமல் நின்றார்.

தண்டனையை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். தப்பான மின்னஞ்சலைத் திறந்தவர் கழுத்தில் ஒரு வாரம் ஆட்டு மணி. மேய்ச்சல் நில அலுவலகத்தில் மணிக்கா பஞ்சம்? எங்கள் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, பெரிய பித்தளை மணி ஒன்றைத் தோல் வாரோடு மாட்டினார்கள். மூன்றாம் முறை மணி கட்டிக்கொள்பவர் மணியோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும், திரும்பி வரவேண்டாம்.

"வழி தவறுற ஆட்டுக்குத்தானே மணி கட்டறோம்?" என்றார் இயக்குநர். "இது அவமானம் இல்லை. அக்கறை."

அக்கறை மறுநாளே தொடங்கியது. மோசடிக்காரர்கள் எங்களைத் தேடி வரும்வரை காத்திருக்க தாலாய்க்கு நேரமில்லை. அதனால் பயிற்சிக்காக மோசடிக் கடிதங்களை அவனே எழுதி எங்களுக்கு அனுப்பினான். யாருக்கு எதற்கு மனசு அடித்துக்கொள்கிறது என்று தேநீர் வேளையில் எல்லோரிடமும் பிரியமாக விசாரித்துவிட்டு அனுப்பினான். பையனுக்கு அந்தத் திறமை நிஜமாகவே இருந்தது.

சாப்பார்பெக்கின் சாம்பல் குதிரை வசந்தத்தில் மலையில் காணாமல் போயிருந்தது. "உங்கள் சாம்பல் குதிரை கிடைத்துவிட்டது, படம் இணைத்திருக்கிறோம்" என்று அவருக்கு ஒரு கடிதம். திறந்தார். படத்தில் ஒரு கழுதை, "ஏமாந்தீரா?" என்று ஒரு வரி. ஒரு வாரம் மணியோடு வண்டி ஓட்டினார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி பாடியது.

மிக அதிகமாகச் சிக்கியது எனக்கு எதிர்மேஜை அனார்குல். தட்டச்சும் கடிதப் போக்குவரத்தும் அவள் வேலை. அவள் கணவன் ஜாப்பாருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. படுக்கையிலிருந்து கதவுவரை நடந்தால் உட்கார்ந்துவிடுவான். தலைநகர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு முறை வரக் காத்திருந்தார்கள். அலுவலகம் தன் ஊழியர் குடும்பத்துக்குக் கொடுத்த சிகிச்சைச் சீட்டில்தான் அது நடக்க வேண்டும். வேலை போனால் சீட்டும் போகும். ஆஸ்பத்திரி செய்தி அனுப்புவதற்கு அவள் கொடுத்திருந்ததும் அலுவலக மின்னஞ்சல் முகவரிதான், ஏனென்றால் அவர்கள் வீடு மலைமடிப்பில் இருந்தது, அங்கே எந்தக் கைப்பேசி வலையும் எட்டாது.

"உங்கள் கணவரின் பரிசோதனை முடிவு" என்று முதல் கடிதம் வந்தது. திறந்தாள். மணி கட்டினார்கள். அன்று சாயங்காலம் மணியோடு வீட்டுக்குப் போனாளாம். ஜாப்பார் படுக்கையிலிருந்தே, "யாரு வீட்டு ஆடு உள்ளே வருது?" என்று கேட்டு, பார்த்துவிட்டு மூச்சு முட்டும்வரை சிரித்தானாம். மறுநாள் அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்து "அறுவை சிகிச்சைத் தேதி உறுதியானது" என்று வந்தது. அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே திறந்தாள். கழுதை. இரண்டாவது மணி. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. தாலாய் அவள் மேஜைக்கு வந்து ஆதரவாகப் பேசினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ரொம்ப வேணும்னு இருக்கிற விஷயத்துலதான் உங்களை ஏமாத்துவாங்க. ஆசையை விடுங்க. ஆசை இல்லைன்னா பாதுகாப்பு."

"எம் புருஷன் பொழைக்கணும்னு நினைக்கிறது ஆசையா தம்பி?"

"மோசடிக்காரனுக்கு அது ஒரு வாசல்" என்றான். இதைத் தன் அறிக்கையில் எழுதிக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

திட்டம் நன்றாக நடப்பதைப் பார்த்து இயக்குநர் அதைத் தொலைபேசிக்கும் நீட்டினார். காலையில் வந்ததும் எல்லோரும் கைப்பேசியை வாசலில் காவலாளி வைத்திருக்கும் மாவு மூட்டைச் சாக்கில் போட்டுவிட வேண்டும். மாலையில் மாவைத் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சந்தேகப்படத் தக்க மின்னஞ்சல் எதுவானாலும் திறக்காமல் விழிப்புக் குழுவிடம் கொண்டுவர வேண்டும். குழு என்றால் இயக்குநர், தாலாய், பின்னே கை தூக்குவதற்காக நாங்கள்.

குதிரைப் பால் புளித்துத் தீர்ந்து, மந்தைகள் மலையிலிருந்து இறங்கத் தொடங்கிய ஒரு நாள் காலை, அனார்குல் தன் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"முர்சா அண்ணே. இங்க வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். கடிதத்தைத் திறக்காமலே அதன் முதல் வரிகள் தெரிந்தன. "சுயுஞ்சு, அனார்குல் அக்கா! உங்க ஜாப்பாருக்கு இடம் கிடைச்சாச்சு. வெளிநாட்டு டாக்டர் வந்திருக்கார், இந்த வாரம் மட்டும்தான் இருப்பார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளே 'வர்றோம்'னு ஒரு வார்த்தை எழுதுங்க, இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்…"

"அஞ்சும் இருக்கு அண்ணே" என்றாள். "அவசரம், சந்தோஷம், பழகின மாதிரிப் பேச்சு, உடனே பதில், சுயுஞ்சு. ஒண்ணுகூடப் பாக்கி இல்லை."

"திறந்து பாரு."

"திறந்து கழுதை வந்தா? மூணாவது மணி அண்ணே. வேலை போயிடும். சீட்டு போயிடும். அப்புறம் நிஜமா கூப்பிட்டாலும் எதை வெச்சுப் போறது?"

அவள் முகத்தில் இருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. நிஜமாகவே இருந்துவிடுமோ என்ற பயமும், நிஜமாக இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்து அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தன. விதிப்படி செய்வோம் என்று குழுவிடம் போனாள்.

குழுவைக் கூட்டுவதற்கே மதியமாகிவிட்டது. இயக்குநர் ஆட்டிறைச்சிச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து, அந்த வரிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். ஒவ்வொரு அறிகுறிக்கும் தாலாய் ஒரு விரல் மடக்கினான். கை முழுதும் மடங்கி முஷ்டியானது.

"இதை நீயா எழுதினே?" என்று தாலாயிடம் கேட்டேன்.

"இல்லை. அதனாலதான் இது முக்கியமானது" என்றான். கண்கள் மின்னின. "முதல் நிஜ மோசடி. நம்ம திட்டத்துக்கே இது வெற்றி."

"நிஜ ஆஸ்பத்திரியா இருந்தா?" என்றாள் அனார்குல். "ஐயா, ஒரே ஒரு போன் போட்டுப் பாத்துடலாமா?"

"போன் போடணும்னுதானே அவன் எதிர்பார்க்கிறான்" என்றான் தாலாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றேன் நான்.

இயக்குநர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "முர்சா, யோசிச்சுப் பேசு. சர்க்கார் ஆஸ்பத்திரி எப்பவாவது நமக்குத் தானா முன்வந்து நல்லது சொல்லியிருக்கா? நானும் இருபது வருஷமா சர்க்கார்லதான் இருக்கேன். ஒருத்தருக்காவது ஒரு நல்ல செய்தி நான் எழுதியிருக்கேனா? சர்க்கார் கடிதம்னா அதுல ஒரு கண்டிப்பு இருக்கும், ஒரு தாமதம் இருக்கும், படிச்சா ஒண்ணும் புரியாது. இதைப் பாரு, எல்லாமே புரியுது. இதிலேயே தெரியலையா?"

எல்லோரும் கை தூக்கினார்கள். மோசடி என்று முடிவானது. மோசடிக்காரனுக்குத் தகுந்த பதில் கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லச் சொல்ல, அனார்குலே தட்டச்சு செய்தாள், அது அவள் வேலையல்லவா: "உன் தந்திரம் எங்களிடம் பலிக்காது. பிச்சைக்காரனைப் போல் சுயுஞ்சுக்குக் கை நீட்ட வெட்கமாக இல்லையா? உன்னைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவித்திருக்கிறோம்." பதில் போனது. அதன்பிறகு எல்லோர் முன்னிலையிலும் இயக்குநர் அந்தக் கடிதத்தை அழித்தார், படம் எடுத்துக்கொண்டார்கள், 'விழிப்பு நாயகி' என்று ஒரு சான்றிதழை அனார்குலுக்குக் கொடுத்தார்கள். இயக்குநர் உரை நிகழ்த்தினார். உரை முடிந்தபோது வெளியே சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது.

அவள் சான்றிதழோடு வாசலுக்கு ஓடி, சாக்கில் கையை விட்டுத் துழாவி, மாவு உதிரக் கைப்பேசியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கம் பேசியவள் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்தே போன தாதிப் பெண்ணாம். குரல் எனக்கும் கேட்டது.

"இப்பத்தான் அக்கா அடுத்தவருக்குக் குடுத்தோம். உங்க ஆபீஸ்லேருந்துதான் பதில் வந்துடுச்சே." அப்புறம், "சுயுஞ்சு கேட்டது அவ்வளவு பெரிய தப்பா அக்கா? நம்ம ஊர்க்காரங்களாச்சேன்னு சந்தோஷத்துல எழுதினேன். நீங்க வர்றப்போ ரெண்டு போர்சோக் ரொட்டி பொரிச்சுக் கொண்டுவந்தா போதும்னு நினைச்சேன்."

அனார்குல் மறுபடி கெஞ்சினாள். டாக்டர் சனிக்கிழமை தன் ஊருக்குப் போகிறார், இனி வசந்தத்தில்தான் என்றாள் அந்தப் பெண். வசந்தம் வரை அவரை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

மறுநாள் அனார்குல் மாடியில் இயக்குநர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். இயக்குநர் தாலாயைக் கூப்பிட்டார். இருவரும் கலந்து பேசினார்கள். "கடிதம் நிஜமா இருந்தது கடிதத்தோட தப்பு" என்று தாலாய் விளக்கினான். "நீங்க செஞ்சது நூத்துக்கு நூறு சரி அக்கா. நிஜமான கடிதம் இப்படி இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் பயிற்சி தேவை. நாங்க அவங்களுக்கு எழுதறோம்."

எழுதினார்களா என்று தெரியாது. ஜாப்பார் வசந்தம் வரை ஜாக்கிரதையாக இருக்கவில்லை. முதல் பனி விழுந்த காலையில், தானே எழுந்து தேநீர் போடப்போகிறேன் என்று அடுப்புவரை நடந்தவன் அங்கேயே உட்கார்ந்தான். அனார்குல் பால் வாங்கப் போயிருந்தாள். எங்களில் சாவுச் செய்தியை யாரும் பட்டென்று சொல்வதில்லை. பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வந்து, ஆளை உட்காரவைத்து, சுற்றிவளைத்துச் சொல்வார்கள். அவள் அந்தச் சிரமத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, கதவைத் திறந்ததும் தானே பார்த்துவிட்டாள்.

விடுப்பு மின்னஞ்சலில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. வலை எட்டும் இடம்வரை பனியில் நடந்துவந்து இரண்டு வரி எழுதினாள்: "என் கணவர் இறந்துவிட்டார். உடனே விடுப்பு வேண்டும், தயவுசெய்து."

இயக்குநர் அதைப் படித்துவிட்டு மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "தாலாய், கில்லாடிடா நீ! அழவைக்குது, அவசரப்படுத்துது, உடனே பதில் கேக்குது. எங்கிட்டேயே சோதனை போட்டுப் பாக்கிறியா? நான் திறக்கவே இல்லை, மேலோட்டமா பாத்துட்டு அழிச்சுட்டேன்." தாலாய் தான் அனுப்பவில்லை என்றான். இயக்குநர் நம்பவில்லை. நம்பாததற்காகத் தாலாய் அவரைப் பாராட்டினான். நான் எழுந்து, ஜாப்பார் நிஜமாகவே செத்துவிட்டான் என்றேன். காலையில் அந்த வழியாக வந்த சாப்பார்பெக் சொல்லியிருந்தார்.

"பொணத்தை நீ பாத்தியா?" என்றார் இயக்குநர்.

அவரைப் பார்த்தேன். என் மேஜையில் கனமான ஒரு மை ஒத்தி இருந்தது. என் கை அதை நோக்கிப் போனது உண்மை. போய்விட்டுத் திரும்பியது.

மூன்றாம் நாள் இயக்குநர் துக்கத்துக்கு வந்தார். வீட்டு முன்னால் யூர்ட் கூடாரம் போட்டு, ஜாப்பாரை அதற்குள் கிடத்தியிருந்தார்கள். வழக்கப்படி தூரத்திலிருந்தே "என் உடன்பிறப்பே" என்று கதறிக்கொண்டு வந்தார். நன்றாகவே கதறினார். அதுவும் ஒரு பதக்கத்துக்கு உரிய கதறல்தான். உள்ளே அனார்குல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் நாலு வார்த்தை பேசச் சொன்னதும், இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜாப்பார் என் ஊழியரோட கணவர். அந்த முறையில என் தம்பி. தம்பி போயிட்டார். எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். ஆனா இந்தக் காலத்துல எத்தனை பேர் ஏமாந்து போறாங்க? இந்தக் குடும்பத்துக்கு ஆசைகாட்டி ஒரு கடிதம் வந்தது. அனார்குல் அசையலை. அலுவலக விதியைக் கடைப்பிடிச்சாங்க. ஜாப்பார் போனார், ஆனா ஏமாறாம போனார். இது இந்த வீட்டுக்கு ஒரு பெருமை."

கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றது. அனார்குல் எழுந்து வெளியே வருவாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நாற்பதாம் நாள் படையல் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது பதவி உயர்வு காத்திருந்தது. தாலாய் வேறொரு மாவட்டத்துக்கு ஆசையை ஒழிக்கப் போயிருந்தான். அவன் இடத்தில் அவளை விழிப்பு அதிகாரியாகப் போட்டார் இயக்குநர். அவளைவிடத் தகுதி யாருக்கு உண்டு என்று கேட்டார். அவளுக்கு இரண்டு ரப்பர் முத்திரைகள் கொடுத்தார்கள். சிவப்பு என்றால் மோசடி, பச்சை என்றால் நம்பலாம். பச்சை முத்திரை விழுந்த கடிதத்தைப் பற்றி வேறு யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்று புதிய உத்தரவு வந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

அவள் நேர்மையாக வேலை செய்தாள். பயிற்சிக் கடிதம் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. மணி ஆணியில் சும்மா தொங்கி, தூசி ஏறியது. யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. மதியம் ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்துவிடுவாள். "சாப்பிடும்மா" என்றால், "சாப்பிட்டேனே அண்ணே" என்பாள்.

கடும் குளிரில், குழாயெல்லாம் உறைந்து கிடந்த ஒரு நாள், இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை, விதிப்படி அனார்குலுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு எங்கள் அறை வாசலைத் தாண்டி இப்படியும் அப்படியும் நடக்க ஆரம்பித்தார். முதலில் தாடியைத் தடவிக்கொண்டு, அப்புறம் எதையோ தேடுகிறவர் போல, அப்புறம் எதையும் தேடாமலே.

நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். அதே உலக நாடோடி அறிவியல் கழகம். சென்ற ஆண்டு தங்கள் பெயரைச் சொல்லி அவரை ஏமாற்றியவர்கள் பிடிபட்டுவிட்டார்களாம். ஒரு மாமேதைக்கு நேர்ந்த அவமானத்துக்காக வருந்துகிறார்களாம். ஈடாக அவரைக் கழகத்தின் நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அங்கி, பதக்கம், கூடவே ஒரு வெள்ளிக் கோல். தலைவர் தன் சொந்தச் சொத்திலிருந்து உறுதித் தொகை கட்ட வேண்டும், அது பதவியேற்பன்று இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கும். இன்றே பதில் தேவை.

மோசடிதான். வாசலில் படுத்திருந்த நாய்க்குப் படித்துக் காட்டியிருந்தால் அதுகூடக் குரைத்திருக்கும்.

அனார்குல் அதை ஒரு முறை படித்தாள். அவசரப்படாமல் இன்னொரு முறை படித்தாள். தாளில் அச்செடுத்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, மை அட்டையை எடுத்து வைத்து, முத்திரையை அதில் நன்றாக அழுத்தினாள். பச்சை.

"அனார்குல்" என்றேன்.

"சொல்லுங்க அண்ணே."

ஒன்றுமில்லை என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் வரைபடம் ஒன்றைச் சாக்காகச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன். இயக்குநர் அதற்குள் ஓடிப்போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, சூடு இல்லாத அறையில் நரித்தோல் தொப்பியும் கம்பளிக் கோட்டுமாக, அலட்சியமாக இருப்பவர்போல் இருந்தார். அவள் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்று வலக்கையை நீட்டினாள்.

"சுயுஞ்சு, ஐயா."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குழந்தை மாதிரி மலர்ந்தது. எழுந்து வந்தார், கோட்டுப் பைகளைத் தடவினார், ஒன்றும் அகப்படவில்லை. தலையிலிருந்த நரித்தோல் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. செய்திக்கு முன்னால் கை நீட்டுகிறவன் மோசடிக்காரன் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும், பச்சை முத்திரை இருந்தது.

"நிஜம்தான் ஐயா" என்றாள் அனார்குல். "உடனே பதில் போடுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளே. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவர் மந்தை போனது, கார் போனது, மகனுக்கென்று கட்டிய வீடு போனது. அங்கி இன்னும் வரவில்லை. புகார் கொடுக்கப் போனபோது, பச்சை முத்திரை விழுந்த கடிதத்தைக் கேள்வி கேட்கக்கூடாது என்று அவரே போட்ட உத்தரவை நான் எடுத்துக் காட்டினேன். எழுதி வைத்திருந்ததில், தனக்கென்று தனிச் சட்டம் கிடையாது என்று அவர் சொன்னதும் இருந்தது. தலைநகருக்குத் தகவல் போய், தாலாய் தன் கூர்மூக்குச் செருப்போடு வந்து சேர்ந்தான். விதி விதிதான் ஐயா என்றான். மணியின் தோல் வாரை இறுக்கிக் கட்டியதும் அவன்தான்.

அனார்குல் அன்று மதியம் ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துவிட்டு அழுதாள்.

எங்கள் அறை ஆணியில் இப்போது நரித்தோல் தொப்பி தொங்குகிறது. இங்கே ஒரு மணி இருக்குமாமே, எங்கே என்று இந்த வாரம் வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா மாடியிலிருந்து இறங்கும்போது தெரியும் என்கிறோம்.